உள்ளே போன அண்ணன்

டெல்மர் மாமாவுக்குத் தனியாகப் பாட வராது. யாராவது பாடச் சொன்னால் கையை ஆட்டிச் சிரிப்பார். "என் பாட்டைத் தனியாக் கேட்டா யாரோ மாடிப்படியில தடுக்கி விழுற மாதிரி இருக்கும். வேண்டாம், சாப்பாட்டு நேரம்" என்பார்.

பொய்யில்லை. வாத்தியம் எதுவுமில்லாமல் நான்கு பேர் சேர்ந்து பாடும் பாட்டில் அவருடையது இடைக்குரல். மெட்டைக் கொண்டுபோவது தலைக்குரல். அதற்கு மேலே ஒருவர், அடியில் ஒருவர். இந்த மூன்று பேரும் விட்டுவைக்கிற இடத்தையெல்லாம் ஓடி ஓடி நிரப்புகிறவர்தான் இடைக்குரல்காரர். அவர் இருப்பது யாருக்கும் தெரியாது. அவர் நிறுத்தினால் மட்டும் ஏதோ ஓட்டை விழுந்தது தெரியும்.

அமெரிக்காவில் லூயிவில் நகரத்தின் மேற்குப் பகுதியில், எங்கள் கறுப்பு ஜனங்கள் இருக்கிற தெருக்களில், டெல்மர் டாண்டி பிறந்து வளர்ந்து எண்பத்தைந்து வயது வரை இருந்தார். புகையிலைத் தொழிற்சாலையில் இலையிலிருந்து நரம்பு கிழிக்கிற வேலை. என் அப்பா ஹோசியா பிங்க்ஸ்டனும் அங்கேதான். அப்பா மேல்குரல். அடிக்குரல் கெய்ன்ஸ், வால்நட் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். தலைக்குரல் டெல்மரின் அண்ணன் ராய்ஸ்.

அண்ணன் தம்பி இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் புதிதாக வந்தவர்கள் நம்பமாட்டார்கள். டெல்மர் நல்ல கறுப்பு. ராய்ஸ் வெளுப்பு, முடியும் நேர்முடி, கண் சாம்பல் நிறம். அம்மா ஐடெல்லாவின் பாட்டனார் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பண்ணை முதலாளியின் மகன்; அந்த ரத்தம் மூன்று தலைமுறை பதுங்கியிருந்து ராய்ஸிடம் வெளியே வந்தது. எங்கள் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஒரே மேசையில் நாலு நிறம் உட்கார்ந்து சோள ரொட்டி தின்னும்.

சனிக்கிழமைகளில் கெய்ன்ஸ் கடையில் கூட்டம் நெரியும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் வெட்டிய பிறகும் எழுந்து போகமாட்டார்கள். நான் சின்னப் பெண், அப்பாவின் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கேட்பேன்.

"கெய்ன்ஸ், கத்தரிய கீழ வைச்சிட்டுப் பாடு. என் காது போயிடப் போகுது" என்று நாற்காலியில் இருப்பவர் கத்துவார்.

"ஒரு காது போனா என்ன? இன்னொண்ணுல கேளு" என்பார் கெய்ன்ஸ்.

நான்கு குரலும் சரியாகப் பூட்டிக்கொள்ளும்போது மேலே ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும். அது யாருடைய தொண்டையிலிருந்தும் வருவதில்லை. அப்போது கடையில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். எங்கள் தாத்தாக்கள் ஆற்றங்கரையில் மூட்டை தூக்கிவிட்டு, தெருமுனையிலும் இந்த மாதிரிக் கடைகளிலும் நின்று கண்டுபிடித்துக்கொண்ட பாட்டு அது. யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள்தான் வைத்தார்கள். கோடு போட்ட கோட்டு, வைக்கோல் தொப்பி, சங்கம், சட்டதிட்டம் எல்லாம் அவர்கள் வைத்தது. பள்ளத்தாக்கு நால்குரல் சங்கம் என்று பேர். ஊருக்கு ஊர் கிளை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் அந்தச் சங்கம் எங்கள் ஊரில் போட்டி நடத்தியது. குரலைப் பதிவு செய்து அனுப்பினால் போதும், நல்ல குழுவை அழைப்போம் என்று வானொலியில் சொன்னார்கள். ராய்ஸ்தான் பிடிவாதமாக நின்றான்.

"இசைத்தட்டுல தோல் நிறம் தெரியாதுடா" என்றான்.

"மேடையில தெரியுமே" என்றார் அப்பா.

"அதுக்குள்ள நம்ம பாட்டைக் கேட்டிருப்பாங்க இல்ல?"

கேட்டார்கள். அழைப்பும் வந்தது. நால்வரும் ஒரே துணியில் சாம்பல் நிறக் கோட்டு தைத்துக்கொண்டார்கள்.

போட்டி நாளன்று மழை. எங்கள் ஆட்கள் வண்டி நிறுத்தக்கூடிய இடம் மூன்று தெரு தள்ளித்தான் இருந்தது. ராய்ஸ் மண்டப வாசலிலேயே இறங்கி முன்னால் ஓடினான். மற்ற மூவரும் வண்டியை விட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, ராய்ஸ் உள்ளே மேசைப் பக்கம் நின்றிருந்தான். கையில் காபி. கோட்டில், போட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற நீல நாடாப் பூ ஒன்றைக் குத்தியிருந்தார்கள். ஒரு அம்மாள் அவனிடம், "உங்க குரலைக் கேட்டு நான் அழுதுட்டேன் மிஸ்டர் டாண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் இருந்த ஆள் இவர்களைப் பார்த்தான். "சாமான் எல்லாம் பின்வாசல் வழியாப்பா."

"எங்க சாமான் தொண்டையில இருக்கு சார்" என்றார் கெய்ன்ஸ்.

பிறகு பெரிய பொறுப்பிலிருந்த ஒருவர் வந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. மிகவும் வருத்தப்படுகிறவர் போலப் பேசினார். சங்கத்தின் விதி வெள்ளையர்களுக்கு மட்டும்தான், அது அவர் எழுதியதில்லை, அவர் கையில் ஒன்றுமில்லை. வேண்டுமானால் மேடைக்குப் பின்னால் நாற்காலி போடச் சொல்கிறேன், உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள் என்றார். அதன் பிறகு ராய்ஸ் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் டாண்டி, நீங்க இவங்களோடயா பாடுறீங்க?"

டெல்மர் மாமா இந்த இடத்தை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். 'இவன் என் தம்பி' என்று அண்ணன் சொல்வான் என்று காத்திருந்தாராம். ராய்ஸ் காபிக் கோப்பையை மேசைமேல் வைத்தான்.

"ஆமா. இவங்களோடதான் வந்தேன்" என்றான்.

அவ்வளவுதான். பொய்யில்லை. நான்கு பேரும் வெளியே வந்தார்கள். கதவு சாத்துவதற்குள் உள்ளே யாரோ பாட ஆரம்பித்துவிட்டார்கள். கெய்ன்ஸின் அப்பா ஆற்றங்கரையில் பாடிக்கொண்டிருந்த பாட்டு. வண்டிக்குப் போகிற வழியிலும் ராய்ஸ் அந்த நீலப் பூவைக் கழற்றவில்லை என்று அப்பா சொல்வார். கழற்ற மறந்தானோ என்னவோ.

அடுத்த வருஷம் ராய்ஸ் சின்சினாட்டிக்கு அச்சுக்கூட வேலைக்குப் போனான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். பிறகு வரவில்லை. எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த ஒரு பெண் அங்கே வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். ஊருக்கு வந்தவள், ஐடெல்லாவின் காதில் விழாமல் என் அம்மாவிடம் சொன்னாள்.

"எங்க வீட்டம்மா கச்சேரிக்குப் போயிட்டு வந்து படம் காட்டினாங்க. கோடு போட்ட கோட்டு, வைக்கோல் தொப்பி. நடுவுல நம்ம ராய்ஸ். கோப்பை வாங்கியிருக்கான். ராய் டாண்டியாம் பேரு."

அம்மா, "வாயை மூடிக்க. நீ பாக்கல" என்றாள்.

எங்கள் தெருக்களில் அப்படித்தான். வெள்ளைக்காரனாகப் போய்விட்டவனை யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவனைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்கிற அடக்கம் மாதிரி அது.

டெல்மர் மட்டும் ஒருமுறை பஸ் ஏறிப் போனார். ராய்ஸ் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, ஆற்றோரப் பூங்காவுக்கு வரச் சொன்னான். ஒரு பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துப் பேசினார்கள்.

"நீ உள்ள போயிட்டியேண்ணே."

"எனக்குப் பாடணும்டா டெல். வேற ஒண்ணுமில்ல."

"எங்களோட பாடினியே."

"சனிக்கிழமை, முடி வெட்டிக்க வந்த பத்துப் பேருக்கு. இங்க ஆயிரம் பேர் எழுந்து நின்னு கை தட்டுறாங்கடா."

"அந்தப் பத்துப் பேரு மூச்சே விடாம கேட்டாங்க."

ராய்ஸ் ஆற்றைப் பார்த்தபடியே, "அம்மா?" என்றான்.

"கேட்டுட்டே இருக்கா."

"செத்துட்டேன்னு சொல்லிடு."

"நீயே வந்து சொல்லு."

அதற்குள் ஊஞ்சல் பக்கமிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்து ராய்ஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. "அப்பா, இவர் யாரு?"

"பழைய வேலையில என் கூட இருந்தவரும்மா."

குழந்தை கையை நீட்டியது. டெல்மர் குலுக்கினார். அண்ணன் மகளை அவர் தொட்டது அன்றைக்குத்தான். திரும்பி வந்து அம்மாவிடம், "நல்லா இருக்கான்மா, ரொம்ப தூரத்துல இருக்கான்" என்றார்.

ஐடெல்லா பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். "பாடறானா?"

"பாடறான்."

"நம்ம பாட்டையா?"

"நம்ம பாட்டைத்தான்."

அவள் அடுத்த பீன்ஸை எடுத்தாள். அவள் இறந்தபோது டெல்மர் அச்சுக்கூடத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். "தகவலுக்கு நன்றிங்க" என்றான் ராய்ஸ். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். அடக்கத்துக்கு வரவில்லை. சபையில் கேட்டவர்களிடம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று டெல்மர் சொன்னார்.

வால்நட் தெருவை நகராட்சி இடித்துத் தள்ளியது. புதிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். வெகுகாலம் புல்தான் முளைத்தது. கெய்ன்ஸ் தன் சமையலறையில் நாற்காலி போட்டுக் கொஞ்ச நாள் முடி வெட்டினார், பிறகு கை நடுங்க ஆரம்பித்தது, போய்விட்டார். என் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்தது. மேல்குரல் பாடின மனிதர் கடைசி வருஷம் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் தண்ணீர் கேட்டார். டெல்மர் மாமா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். 

அறுபதுகளிலேயே சங்கம் அந்த விதியை எடுத்துவிட்டது. எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை, பத்திரிகையில் சின்னதாக வந்தது. "போய்ச் சேருங்களேன் மாமா" என்று ஒருமுறை கேட்டேன்.

"கதவைத் திறந்தாங்க, சரி. யார் கூடப் போறது?"

சபைப் பாடகர் குழுவில் பாடினார். லுவீனியா அத்தையைக் கட்டினார், அவளும் முன்னால் போனாள். பிள்ளைகள் இல்லை. நான் வாரத்துக்கு இரண்டு நாள் போய்ச் சமைத்துக் கொடுப்பேன்.

அவருக்கு எண்பத்து மூன்று ஆனபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து கதவைத் தட்டினாள். பேர் மெகன். பள்ளத்தாக்கு நால்குரல் சங்கத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கென்று ஒரு குழு போட்டிருக்கிறார்களாம், அவள் அதற்குத் தலைவி. நல்ல பெண். முகத்தில் உண்மையான சங்கடம் தெரிந்தது.

"இந்தப் பாட்டு உங்க ஜனங்களோடதுன்னு நாங்க ரொம்ப தாமதமாத்தான் ஒத்துக்கிட்டோம், மிஸ்டர் டாண்டி. ஐம்பத்தேழுல நாலு பேரை வாசல்ல திருப்பி அனுப்பினதைப் பழைய ஆள் ஒருத்தர் சாகறதுக்கு முன்னாடி சொன்னார். வர்ற கோடையில எங்க மாநாடு இந்த ஊர்லதான். மேடையில மன்னிப்புக் கேக்கணும். நாலு பேருக்கும் ஆயுள் உறுப்பினர் பட்டயம் கொடுக்கணும்."

"ரெண்டு பேரு மண்ணுக்குள்ள இருந்தாலுமா?" என்றேன் நான். என் வாய் அப்படி.

"அவங்களுக்கும்தான்" என்றாள். "மிஸ்டர் கெய்ன்ஸ், மிஸ்டர் பிங்க்ஸ்டன் பத்தித் தெரிஞ்சுக்கிட்டோம். உங்க அண்ணன் ராய்ஸ் என்ன ஆனார்னுதான் கண்டுபிடிக்க முடியல." பிறகு லேசாகச் சிரித்தாள். "வேடிக்கையப் பாருங்க, சின்சினாட்டில எங்க பழைய தலைவர் ஒருத்தர், பெரிய தலைக்குரல். அவர் பேரு ராய் டாண்டி!"

டெல்மர் மாமா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "டாண்டிங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா" என்றார்.

அவள் போன பிறகு ஜன்னல் பக்கம் போய் வெளியே நின்ற என் காரைப் பார்த்தார்.

"வெர்லீன், உன் கார் சின்சினாட்டி வரைக்கும் போகுமா?"

"எதுக்கு மாமா? அறுபது வருஷம் ஆச்சு."

"அவன் பேரை மேடையில படிக்கப் போறாங்க. அவனைக் கேக்காம எப்படி?"

ராய்ஸ் மகளோடு இருந்தான். சின்சினாட்டிச் சங்கக் கிளையில் நம்பர் வாங்கி நான்தான் ஃபோன் செய்தேன். லூயிவில்லில் இருந்து பழைய சிநேகிதர் டெல்மர் என்று மட்டும் சொன்னேன். மகள் பேர் கேத்லீன், அறுபது வயதிருக்கும். நல்ல வீடு, பெரிய புல்வெளி. எங்களைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபியும் ஆப்பிள் பை பலகாரத்தில் ஒரு துண்டும் கொடுத்தாள். அவளும் சங்கத்தின் பெண்கள் குழுவில் பாடுகிறாளாம்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், மிஸ்டர் டெல்மர். தப்பா நினைக்காதீங்க" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு ரெண்டு வருஷமா எல்லாம் குழம்பிப்போச்சு. சில நாள் தான் ஒரு கறுப்பர்னு சொல்றார். சர்ச்சுல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். எனக்கு உயிரே போயிடுச்சு. சின்ன வயசுல உங்கள மாதிரி ஆளுங்களோட பழகியிருப்பார், அதெல்லாம் இப்ப ஒண்ணாக் கலந்திருக்கும்னு டாக்டர் சொல்றார்."

டெல்மர் மாமா கோப்பையைத் தட்டின்மேல் வைத்தார். சத்தம் வராமல் வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பரவாயில்லம்மா. நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

ராய்ஸ் உள்ளறையில் ஜன்னலோர நாற்காலியில் இருந்தான். எலும்பும் தோலும். தலை திருப்பிப் பார்த்தான். கண் அதே சாம்பல்.

"டெல். எங்கடா போய்த் தொலைஞ்சே? கெய்ன்ஸ் கடையச் சாத்திடுவான்."

"வண்டி கிடைக்கலண்ணே."

"ஹோசியா?"

"வந்துட்டிருக்கான். இது அவன் பொண்ணு."

என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்பன் மூக்கு. பாவம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். கேத்லீனும் சிரித்தாள், புரியாமல்.

பிறகு ராய்ஸ் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாட ஆரம்பித்தான். குரல் நூலாக இருந்தது, ஆனால் இடம் தவறவில்லை. இரண்டாவது அடியில் டெல்மர் மாமா சேர்ந்துகொண்டார். அறுபது வருஷமாக எந்த வீட்டிலும் இல்லாத சத்தம்.  மூன்றாவது அடியில் கேத்லீன், கையில் தட்டோடு நின்றபடியே, மேல்குரலை எடுத்தாள். பாடத் தெரிந்தவர்களால் சும்மா இருக்க முடியாது. அப்பாவிடம் சின்ன வயதில் கற்றிருப்பாள் போலிருக்கிறது. என் அப்பாவின் குரல் இருந்த இடத்தில் அவள் நின்றாள். மூன்று பேர், ஒரே குடும்பம். அதில் இருவருக்குத்தான் அது தெரியும். இருவரில் ஒருவன் வால்நட் தெருவில் இருந்தான்.

பாட்டு முடிந்ததும் ராய்ஸ் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்தான். "ஐடெல்லாகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"கோவமா இருக்காளா?"

"இல்லண்ணே. பாடறியான்னுதான் கேட்டா."

ராய்ஸ் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணை மூடினான்.

வாசலில் கேத்லீன் எங்களை நிறுத்தினாள். "ஐடெல்லா யாரு? எப்பவும் அந்தப் பேரைத்தான் கூப்பிடறார்."

"என் அம்மா" என்றார் டெல்மர் மாமா.

"உங்க அம்மாவையா அப்பா கூப்பிடறார்?"

"அவ கையால சாப்பிட்டிருக்கான்மா."

காரில் வரும்போது நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "கேக்க வந்ததைக் கேக்கலையே மாமா."

"யாரைக் கேக்கறது? ராய் டாண்டியத் தேடி வந்தேன். அவன் அங்க இல்ல" என்றார். 

மாநாட்டுக்குப் பெரிய கூட்டம். மெகன் மேடையில் மன்னிப்பைப் படித்தாள். நான்கு பேரையும் கூப்பிட்டாள். கெய்ன்ஸுக்கு அவர் பேத்தி போனாள், என் அப்பாவுக்கு நான் போனேன். "ராய்ஸ் டாண்டி. அவரைச் சேர்ந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்" என்று டெல்மர் மாமாவே இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நிற்கவேயில்லை. ஆயிரம் பேர் எழுந்து நின்றால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். ஒலிபெருக்கியை அவர் பக்கம் தள்ளினார்கள்.

"நாங்க அன்னைக்குப் பாட வந்தோம்" என்றார். "இன்னைக்கு நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. எனக்குச் செஞ்சதை நான் மன்னிச்சுட்டேன். மத்த மூணு பேருக்காகவும் மன்னிக்க எனக்கு உரிமை இல்ல. அவங்க ஒவ்வொருத்தரும் இழந்தது வேற வேற."

சங்கத்தின் பரிசு பெற்ற குழுவிலிருந்து மூன்று பேர் தயாராக நின்றிருந்தார்கள், அவரோடு பாட. அவர்களைப் பார்த்துத் தலையசைத்து, "நீங்க நல்லாப் பாடுவீங்க தம்பிங்களா. இன்னைக்கு வேண்டாம்" என்று இறங்கிவிட்டார்.

நடையில் கேத்லீன் காத்திருந்தாள். அவள் குழுவின் பச்சை உடையில் இருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்க பேரு டெல்மர் டாண்டி. ராய்ஸ் டாண்டி உங்க அண்ணன்."

"ஆமாம்மா."

"எங்க அப்பா..." அவர் கையிலிருந்த ராய்ஸின் பட்டயத்தைப் பார்த்தாள். "அவர் குழம்பல. இல்ல?"

டெல்மர் மாமா அவளைப் பார்த்தார். பூங்காவில் கை நீட்டிய குழந்தையைத் தேடினாரோ என்னவோ.

"இல்லம்மா" என்றார்.

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் குழுவினர் கூப்பிட்டார்கள், அடுத்து அவர்கள் முறை. "வரேன்" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போனாள். நாங்கள் உட்கார்ந்து கேட்டோம். இரண்டாவது வரிசையில் நின்று அவள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நவம்பரில் ஃபோன் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன், மாமாவுக்குக் காது மந்தமானதால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் ஃபோனை வைத்துக்கொள்வார்.

"மிஸ்டர் டாண்டி, அப்பா போயிட்டார். நேத்து அடக்கம் முடிஞ்சுது."

மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நேத்தா?"

"உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். வீட்டுக்காரர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. பசங்களுக்கும் தெரியாது. என்னால முடியல, மிஸ்டர் டாண்டி. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துது."

"புரியுதும்மா."

"மன்னிச்சிடுங்க."

"கடைசியில வலி இருந்துதா?"

"இல்ல. பாடிட்டே இருந்தார். நடுநடுவுல நிறுத்தி, யாரோ சேர்ந்துக்குவாங்கன்னு பாக்கற மாதிரி காத்திருப்பார்."

ஃபோனை வைத்த பிறகு அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் சொன்னார்: "வாய் தவறிக்கூட சித்தப்பான்னு வரல, வெர்லீன்."

 சூப்பைக் கொண்டுவந்து வைத்தேன். குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம் போய், தன் அண்ணனுக்கு ஆராதனை வேண்டும் என்றார். பாஸ்டர் சின்ன வயசுக்காரர், திகைத்துப் போனார். "உடல் இல்லையே பிரதர் டாண்டி. அங்க ஏற்கனவே அடக்கம் பண்ணிட்டாங்களே."

"அங்க அடக்கம் பண்ணது ராய் டாண்டியை. ராய்ஸை இன்னும் யாரும் பண்ணல."

செய்தார்கள். முன்வரிசையில் மாமா ஒருவர்தான், பக்கத்தில் நான். வந்தவர்களில் ராய்ஸைப் பார்த்திருந்தவள் ஒஸெல்லா கிழவி மட்டும். சக்கர நாற்காலியில் இருந்தபடி சத்தமாகக் கேட்டாள், "எந்த ராய்ஸ்? என்னை டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ஏமாத்தினானே, அவனா? இத்தனை நாள் உயிரோடயா இருந்தான் அந்தப் பய?" சபையே சிரித்தது. சிரித்துவிட்டுக் கிழவி கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள்.

டெல்மர் மாமா எழுந்து நின்றார். "ஐடெல்லாவோட மூத்த மகன். என் அண்ணன். நான் இதைச் சத்தமாச் சொல்லி அறுபது வருஷம் ஆச்சு" என்றார்.  பாடகர் குழு எழுந்து அவருக்காகப் பாடியது. பிறகு கீழ்த்தளத்தில் வறுத்த கோழி, கீரை, மாக்ரோனி, கேக். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் செய்கிற எல்லாம் செய்தோம். மாமா எல்லோருக்கும் கை கொடுத்து, வந்ததற்கு நன்றி சொன்னார்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். சங்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒருமுறை என்னோடு ஒத்திகைக்கும் வந்தார். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் இப்போது அந்தக் குழுவில் இருக்கிறார்கள். மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். யாரும் பாடாத ஒரு இடத்தில் அவர் உதடு அசைந்தது. வீட்டுக்கு வந்ததும், "நல்லா இருக்கு. பசங்க நல்லாப் பாடறாங்க" என்றார். மறுபடி போகவில்லை. ஒரு வசந்த காலத்து மதியம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கேத்லீனுக்குத் தகவல் சொன்னேன். "தகவலுக்கு நன்றிங்க" என்றாள்.

சங்கத்தின் அலுவலகச் சுவரில் இப்போது அந்த நால்வரின் படம் இருக்கிறது. சாம்பல் நிறக் கோட்டில், கெய்ன்ஸ் கடை வாசலில் எடுத்தது. கீழே மன்னிப்பு வாசகம். அதே சுவரில், கொஞ்சம் தள்ளி, பழைய தலைவர்களின் வரிசை. அதில் ராய் டாண்டியும் இருக்கிறார், தலை நரைத்து, கோப்பையைப் பிடித்துக்கொண்டு. போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், மெகன் இரண்டு படங்களையும் காட்டி ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு போனாள். இரண்டிலும் ஒரே முகம் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.